கரியன் சாப்பிடும் நேரம்

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. மாமியார் மருமகள் சமாசாரம் இது. சத்தமாச் சொன்னா விஜயநகர்ல நாலு வீட்டுக்குக் கேட்டுரும்.

அன்னைக்கு மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டு கௌரம்மா, கமலம்மாள் வீட்டு வாசப்படியிலேயே நின்னுட்டா.

உள்ளே சமையக்கட்டுத் தரையில மருமகள் சுசித்ரா சம்மணம் போட்டு உக்காந்து, ஒவ்வொரு வாயா மென்னு, சாவகாசமாச் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. பக்கத்துல நாய்க்குட்டி கரியன், அவன் தட்டுல. மாமியார் கமலம்மாளோ அறுபது வயசுல ஓடி ஓடி, ஹால்ல இருக்கிற புருஷனுக்கும் மகனுக்கும் மோர் ஊத்திக்கிட்டிருக்கா.

"இதென்ன கமலம்மா! மருமக மகாராணி மாதிரி உக்காந்திருக்கா, நீங்க ஓடறீங்க?"

"ஷ்ஷ்! மெல்லப் பேசுங்க. கரியன் சாப்பிடறான். டாக்டரம்மா உத்தரவு."

கறிவேப்பிலையை வாங்கிக்கிட்டு, "நல்லா இருக்கு கூத்து"ன்னு முணுமுணுத்துக்கிட்டே கௌரம்மா போனா. தெருவுல சொல்லாம இருந்திருப்பாளா?

நடந்தது என்னன்னா, கரியன் அவங்க சொந்த ஊரான ஹனூர்ல, சித்தையன்னு ஒருத்தர் தோட்டத்து நாய் போட்ட எட்டுக் குட்டியில ஒண்ணு. முட்டி மோதித் தின்னே பழகினவன். சோறு வெச்சா பத்து எண்ணறதுக்குள்ள தட்டு காலி. அடுத்த பத்து நிமிஷத்துல தின்னது அத்தனையும் ஹால் கார்பெட்டுல.

"நம்மூரு நாயில்ல? களியை முழுங்கற மாதிரி சோத்தையும் முழுங்குது"ன்னு மாமனார் கெம்பையன் சிரிச்சாரு. துடைச்ச சுசித்ராவுக்குத்தான் சிரிப்பு வரலை.

ஒரு நாள் குட்டிக்கு வயிறு உப்பிப் போச்சு. சுசித்ரா அதைத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினா.

"பெரிய தட்டுக்கு நடுவுல கனமான கிண்ணம் ஒண்ணைக் கவிழ்த்து வெச்சிருங்க. சுத்திலும் சோத்தைப் பரப்புங்க. நக்கி நக்கித் தின்னு முடிக்க நேரமாகும். அவ்வளவுதான்"னாங்க டாக்டரம்மா.

அவ்வளவேதான். ஆனா ஆட்டோவுல திரும்பி வர்ற வழியில சுசித்ராவுக்கு ஒரு யோசனை வந்துது.

அந்த வீட்டுல அவ சாப்பாடு எப்படின்னு கேளுங்க. முதல் வாய் எடுத்தா, "அம்மிணி, மோரு!"ன்னு மாமனார். ரெண்டாவது வாய்க்கு, "சுசி, என் சார்ஜர் எங்கே?"ன்னு புருஷன் தருண்குமார். மூணாவதுக்கு, "கண்ணு, குக்கர் கத்துது பாரு"ன்னு மாமியார். எங்கே மெல்றது? கல்யாணமாகி ரெண்டு வருசமா அவளும் முழுங்கிக்கிட்டுத்தான் இருந்தா.

வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியைக் கவலையா வெச்சுக்கிட்டுச் சொன்னா:

"அத்தை, கிண்ணம் வெக்கிறது பாதி வைத்தியந்தானுங்களாம். சோறு போடற ஆளு பக்கத்துல உக்காந்து, தானும் மெதுவாத் தின்னு காட்டணுமாம். அரை மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாதாம். நடுவுல எந்திரிச்சா குட்டி பயந்து முழுங்கிருமாம். குடல் முறுக்கிக்குமாம்."

கமலம்மாளுக்குக் குட்டின்னா உசிரு. அன்னையிலிருந்து சமையக்கட்டு வாசல்ல அவதான் காவல். ஹால்லருந்து "மோரு"ன்னு குரல் வந்தா, "குட்டியைக் கொல்லப் பாக்கறீங்களா?"ன்னு பாஞ்சா.

கரியனுக்கு வாந்தி நின்னுது. மாமியார் வெக்கிற கீரைச் சாறுல இவ்வளவு பூண்டு இருக்கும்னு சுசித்ராவுக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது.

ஒரு மாசம் இப்படி ஓடுச்சு. தடுப்பூசி நாள் வந்துது. சுசித்ரா கிளம்பறதுக்குள்ள கமலம்மாள் குட்டியைத் தூக்கிக்கிட்டா.

"நானே போயிட்டு வாரேன். அந்த டாக்டரம்மாளை என் கண்ணால பாத்து ஒரு கும்பிடு போடணும்."

"வேண்டாங்கத்தை, வெயிலு..."

"கார்லதானே போறேன்?" தருண்குமார் வண்டியை எடுத்தான். போயிட்டாங்க.

சுசித்ரா வாசலுக்கும் சமையக்கட்டுக்குமா நடந்தா. கும்பிடு போட்டவ சும்மா வருவாளா? விவரமும் கேப்பா. பொய் உடைஞ்சா அந்த அரை மணி நேரம் போயிரும். அது மட்டுமா? இனி வாயைத் திறந்தா யாரு நம்புவாங்க?

ஒரு மணி நேரத்துல கார் வந்துது. "ஊசி போட்டாச்சு. நான் வண்டியிலேயே இருந்துட்டேன், அம்மாதான் உள்ளே போனாங்க"ன்னு தருண்குமார் சோபாவுல சாஞ்சான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"ன்னாரு கெம்பையன்.

கமலம்மாள் மருமகளை ஒரு பார்வை பாத்தா. சுசித்ரா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"குட்டி வளருதில்லீங்க. இனி ஒருத்தர் உக்காந்தா பத்தாதாம்."

சுசித்ரா சடார்னு நிமிர்ந்தா.

"வயசுல பெரிய பொம்பளை ஒருத்தியும் கூட உக்காரணுமாம். அரை மணி காணாது, முக்கா மணியாம். மோரை அவங்கவங்களே ஊத்திக்கணுமாம்."

"மோரைப் பத்தியுமா நாய் டாக்டர் சொன்னாங்க?"

"பின்னே? படிச்சவங்களாச்சே!"

பேசிக்கிட்டே கமலம்மாள் ரெண்டு தட்டைக் கழுவினா. முப்பத்தாறு வருசமா அடுப்பு மேடையில சாஞ்சு நின்னு, பாத்திரத்துல ஒட்டினதை வழிச்சுத் தின்ன பொம்பளை, சூடான களியும் சாறுமா மருமக பக்கத்துல வந்து சம்மணம் போட்டா.

சுசித்ரா தயங்கித் தயங்கிக் கேட்டா. "அத்தை... டாக்டரம்மா நெசமாலுமே அப்படியா சொன்னாங்க?"

"உங்கிட்ட எப்படிச் சொன்னாங்களோ, அப்படியேதான் எங்கிட்டயும் சொன்னாங்க. மெதுவாத் தின்னு கண்ணு, நாய் பாக்குது."

சொல்லிட்டு, உக்காந்த வாக்குலயே காலை நீட்டி, சமையக்கட்டுக் கதவை ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினா கமலம்மாள்.