ஒரு முழம் இடைவெளி

“அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் முதலாளியம்மா மனு குடுத்திருக்காங்க. ‘பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில் ஒரு குறை இருக்கிறது, போட்டவரை என் வீட்டுக்கு அனுப்பவும்.’ ரெண்டே வரிதான். போய்ப் பார்த்துட்டு வாங்க,” என்றார் அதிகாரி.

சாலை மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“குறை என்ன சார் குறை? எடுக்கச் சொல்லுவாங்க. நான் இருக்கிற வரைக்கும் அதுல ஒரு கல்லைப் பேர்க்க விடமாட்டேன்.”

பின்னே? போன வருஷம் அந்த வாசலில் ஒரு பிள்ளைக்குக் கால் ஒடிந்தது. அதன்பிறகு நாயாய் அலைந்து அனுமதி வாங்கி, பக்கத்தில் நின்று போட்ட தடை. அவர் மகளும் அங்கேதான் நாலாவது படிக்கிறாள்.

ஆரஞ்சு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முன்னால் ‘சாலைத்துறை’ என்று எழுதிய ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீட்டுக் கார் ஷெட்டில் முதலாளியம்மா வண்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். வண்டி எப்படி?”

“கேட்டதால சொல்றேன்மா. ரெண்டு பேருக்கு மேல உட்கார முடியாது. ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்ல. என் தடையில ஏற அஞ்சு நிமிஷம் திணறுது. இதைப் போய் பெரிய இன்ஜினியரிங் சாதனைங்கறாங்க.”

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார்.

“அப்போ எதுதான் சாதனை?”

“கொஞ்சம் தாரு, கொஞ்சம் ஜல்லி. கோடிக்கணக்குல வாங்கின வண்டியை மண்டி போட வெச்சுது பாருங்க, அது! பணக்காரன், ஏழை, ஆபீசர், யாரா இருந்தாலும் நிறுத்தணும். ஒருத்தருக்குக்கூட விதிவிலக்கு இருக்கக் கூடாது. அதாம்மா இன்ஜினியரிங்.”

“நியாயம்தான். ஆனா இதையும் ஒரேயடியா தள்ளிடாதீங்க. முந்நூறுல பறக்கிற வண்டியைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் இது. இதைச் செஞ்சவன் லேசுப்பட்டவன் இல்ல.”

“பிரேக்கை மிதிக்க மனசு வரணுமேம்மா! என் தடைக்கு யார் மனசும் வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவருக்கே பெருமையாக இருந்தது.

“அதுவும் சரிதான். அடி உரசாம ஏறணும்னு வண்டி மூக்குல ஒரு கேமரா வெச்சிருக்கு. நான் ஊர்ந்து ஏறுறப்ப அக்கம்பக்கம் எல்லாம் அதுல பதிவாகுது.”

“சுத்தி வளைக்காதீங்கம்மா. தடையை எடுக்கணும், அதானே? நடக்காது.”

“எடுக்கவா? நல்லா இருக்கே! இன்னும் நீட்டணும்னு கேட்கத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும்.”

“நீட்டணுமா?” என்றார் மேற்பார்வையாளர்.

“தண்ணி வடியட்டும்னு சுவரோரம் ஒரு முழம் விட்டிருக்கீங்க. நாங்க கார்காரங்க எல்லாம் நின்னுதான் போறோம். டூவீலர் எல்லாம் அந்தச் சந்துல புகுந்து பறக்குது. பிள்ளைங்க நடக்கிறதும் அந்த ஓரத்துலதான். அடியில ஒரு குழாயைப் பதிச்சு, மேல மூடிட்டா என்ன?”

அம்மா ஒரு படத்தை நீட்டினார்.

புத்தகப் பையோடு ஒரு சின்னப் பெண் பல்லி மாதிரி சுவரில் ஒட்டி நிற்கிறாள். அவளை உரசாத குறையாக இடைவெளியில் நுழைகிறது ஒரு ஸ்கூட்டர். முன்னால் ‘சாலைத்துறை’ என்ற எழுத்து. ஓட்டுபவர் தலையில் ஆரஞ்சு ஹெல்மெட். பின்னால் அவர் மகள்.

மேற்பார்வையாளருக்குக் கையிலிருந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“பெல் அடிச்சிடுமேன்னு... தினமும் அப்படியே பழகிடுச்சும்மா...”

அம்மா மறுபடி வண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

“இந்த வாரமே மூடிடறேன். ஆபீஸ்ல... இந்தப் படத்தைப் பார்த்துட்டாங்களா?”

“மனுவோட வைக்கலை சார். அதுக்குத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன்.”