பக்கத்து வயல்காரர்

"அண்ணே, இந்த ஊர்ல வீரப்பன்னு ஒருத்தரு... அவரு வீடு எங்குட்டு இருக்கு?"

வரப்பில் உட்கார்ந்திருந்த வீரப்பனுக்குப் பக்கென்றது. வந்தவர் முகத்தில் மாஸ்க், தேய்த்த சட்டை, பையில் பேனா, கக்கத்தில் தோல் பை. சந்தேகமே இல்லை, ஆபீசர்தான்!

கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கு அரசாங்கம் போட்ட பணத்தைத் தகுதியில்லாமல் வாங்கியவர்களிடம் திரும்பப் பிடுங்குகிறார்கள் என்று ஊரே கலங்கிக் கிடந்தது. வீட்டில் அரசாங்கச் சம்பளக்காரர் இருந்தால் தொலைந்ததாம். வீரப்பனின் மகன் ஜெயகாந்தனுக்குச் சிவகங்கையில் கிளார்க் வேலை. வந்த பணமோ மோட்டார் ரிப்பேரோடு போயாச்சு. திருப்பிக் கட்டு என்றால் எங்கே போவது?

"வீரப்பனா? அவரு திருப்பத்தூர் போயிருக்காரே" என்றார் வாய் கூசாமல். "நான் பக்கத்து வயக்காரன். என்ன விசயம்?"

"சும்மா விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன். வசதியான குடும்பமோ?"

சும்மாவாம்! எப்படிக் கொக்கி போடுகிறான் பார். வீரப்பன் உஷாரானார்.

"வசதியா? நல்லா கேட்டீக! கஞ்சிக்கே வழியில்ல. இந்த நெலங்கூட அடமானத்துல கெடக்கு."

"பையன் கவர்மெண்ட் வேலையில இருக்கிறதா சொன்னாகளே?"

அடப்பாவி, அதுவரைக்கும் மோப்பம் பிடித்துவிட்டானே! எந்தப் புண்ணியவான் போட்டுக் கொடுத்தானோ? டீக்கடை இராமுவாகத்தான் இருக்கும்.

"அதெல்லாம் ஊரை ஏமாத்தச் சொல்லிக்கிறது. தினக்கூலியா கொஞ்ச நாள் போனான், வெரட்டி விட்டுட்டாக."

"இப்ப என்ன பண்றான்?"

"அப்பன் காசைப் புடுங்கிக் குடிக்கிறான். வேறென்ன?"

சொல்லிவிட்ட பிறகு வீரப்பனுக்கே நெஞ்சு சுருக்கென்றது. டீயைத் தவிர எதையும் தொடாத பிள்ளை. சரி, அவன் காதுக்கா போகப் போகிறது? பணம் தப்பினால் போதும்.

வந்தவர் விடுவதாக இல்லை. "ஆளு குணம் எப்படிண்ணே?"

பணத்தைப் பிடிக்க வந்தவனுக்குக் குணம் எதற்கு? இதையும் எழுதிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்களோ என்னமோ.

"வாயத் தொறந்தா பொய்யி. அப்பனையே அடிக்க வருவான்னா பாத்துக்கங்க. பாவம் வீரப்பன்! அரசாங்கம் போடுற காசுலதான் ஏதோ மூச்சு விடுறாரு. அதையும் நிறுத்திட்டா குடும்பம் தெருவுலதான் நிக்கும்."

வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல வேளை, உங்களைப் பாத்தேன். பெரிய உபகாரம்ணே."

ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டியைத் திருப்பியவர் ஊருக்குள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆபீசரையே மடக்கிவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தார் வீரப்பன். மனைவி சோணையம்மாள் போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"தரகர் பேசுனாருங்க. முப்பத்தி மூணு வயசுல இப்பத்தான் நம்ம பிள்ளைக்கு ஒரு சாதகம் பொருந்தி வந்துச்சு. பொண்ணோட அப்பா இன்னிக்கி நம்ம ஊருக்கே வந்து விசாரிச்சிருக்காரு. பையன் குடிகாரன், அப்பனை அடிக்கிறவன்னு சொல்லிக் கெடுத்துப்புட்டானாம், எவனோ பக்கத்து வயக்காரன்! அவன் நாக்கு அழுகிப் போக!"