அட்டவணையில் இல்லாத கேள்வி

“கானாதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் ஸ்ரீவித்யா.

கேஷவ் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். இடப்பக்கம் கானா, வலப்பக்கம் தான்சானியா. தனிநபர் வருமானம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிதண்ணீர், மின்சாரம் என்று மொத்தம் இருபத்திரண்டு வரிசை. ராத்திரி பகலாக உட்கார்ந்து தயாரித்திருந்தான்.

நெல் நாற்றைக் கத்தையாக வைக்காமல் ஒவ்வொன்றாக நடும் ஒற்றை நாற்று நடவைப் பரப்பும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவன் கள அலுவலர். ஆப்பிரிக்காவில் அந்த நடவைச் சொல்லித்தர இரண்டு நாடுகள் ஆள் கேட்டிருந்தன. இரண்டு வருஷம்; குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். எந்த நாடு என்று அன்றைக்கே பதில் அனுப்பியாக வேண்டும்.

ஸ்ரீவித்யா தஞ்சாவூர்ப் பள்ளி வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். போவது என்று ஆகிவிட்டது, போகிற இடமாவது உருப்படியாக இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

“கரண்ட் எப்படி?”

“தான்சானியாவுல அடிக்கடி கட் ஆகுமாம். கானா கொஞ்சம் தேவலை.”

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. அன்றைக்கு அது நாலாவது முறை.

“நம்ம ஊரையும் மூணாவதா சேர்த்துடுங்கோ. எவ்வளவு மார்க் வரதுன்னு பாப்போம்,” என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“ஆனா தான்சானியாவுல நம்மவா நிறையப் பேர் இருக்கா, வித்யா. கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறதாம்.”

“கறிவேப்பிலைக்காக யாராவது நாடு பாப்பாளா? வருமானத்தைப் பாருங்கோ, ஸ்கூலைப் பாருங்கோ. கானான்னு போட்டு அனுப்புங்கோ. போகப்போறது நீங்க. நீங்க சொன்னா முடிஞ்சது!”

கேஷவ் மேஜைமேல் இருந்த ஒரு கவரை எடுத்து, மறுபடி அங்கேயே வைத்தான். அதில்தான் நியமன உத்தரவு இருந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் ‘அப்புறம் காட்டறேன்’ என்று ஒரு வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, சார் இருக்காங்களா?”

கொல்லைப்பக்கத்திலிருந்து குரல். ஸ்ரீவித்யா எட்டிப் பார்த்தாள். குடவாசலில் நடவுக் குழுவை நடத்தும் ரெத்தினம், பஸ்ஸில் கசங்கிய புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சார் முக்கியமான வேலையா இருக்கார் ரெத்தினம். அங்கயே கொஞ்சம் இரு.”

அதற்குள் கேஷவ் எழுந்து ஓடினான். “உள்ள வாங்க ரெத்தினம்மா, உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்!” என்று அழைத்து வந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டான். ரெத்தினம் அதன் நுனியில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு இருபத்திரண்டு வரிசையையும் ஒன்று விடாமல் வாசித்துக் காட்டினான்.

ஸ்ரீவித்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் குடும்பம் எங்கே போவதென்று நடவு நடுகிறவளிடமா யோசனை கேட்பது?

“எல்லாம் சரிங்க சார்,” என்றாள் ரெத்தினம். “அங்கல்லாம் நடுறது ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளைங்கதான் அதிகம்.”

“அப்ப, வரப்புல உக்காந்து சோறு திங்க நெழல் இருக்கா? புள்ளைக்குத் தூளி கட்ட மரம் இருக்கா?”

கேஷவ் அட்டவணையை மேலும் கீழும் ஓட்டினான். அப்படி ஒரு வரிசையே அதில் இல்லை. தோற்றுப்போன முகத்தோடு, இரண்டு நாடுகளிலிருந்தும் வந்திருந்த வயல் படங்களைத் திறந்து காட்டினான்.

ரெத்தினம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் கை வைத்து நிறுத்தினாள். சேற்றில் குனிந்திருந்த ஒரு பெண். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கையில் பெரிய நாற்றுக் கட்டு.

“புள்ளையையும் சொமந்துக்கிட்டு, கத்தை கத்தையா நாத்தையும் வச்சு நடுதே இந்தப் பொண்ணு. ஒத்த நாத்துன்னா இம்மாம் பெரிய கட்டு எதுக்கு? பாதிச் சொமை கொறைஞ்சிடுமே!” அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். “இது எந்த ஊரு சார்?”

“தான்சானியா.”

“அப்ப அங்கயே போவலாம் சார்.”

கேஷவ் உடனே டேட்டா கார்டைச் செருகி, ‘தான்சானியா’ என்று தட்டி, மின்னஞ்சலை அனுப்பியே விட்டான்.

“என்ன அநியாயம் இது!” ஸ்ரீவித்யா வெடித்தாள். “கானா கானான்னு நான் தலைபாடா அடிச்சுண்டேன். என் பேச்சு காதுல ஏறலை. ரெத்தினம் ஒரு வார்த்தை சொன்னா உடனே அனுப்பிடுவேளா? போகப்போறது நாமளா, அவளா?”

கேஷவ் அசடு வழிந்தபடி கவரை அவளிடம் நீட்டினான். அவள் வெடுக்கென்று பிரித்துப் படித்தாள்.

‘நடவுப் பயிற்சி நிபுணர்: திருமதி ரெத்தினம், குடவாசல். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவருடையது.’

அதற்கும் கீழே, கடைசி வரியில்: ‘இவருக்கு உதவியாக உடன் செல்லும் மொழிபெயர்ப்பாளர்: கேஷவ்.’

ஸ்ரீவித்யா இரண்டு தடவை படித்தாள். கணவனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரெத்தினத்தின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நாற்காலில நன்னா சாஞ்சு உக்காருங்கோ ரெத்தினம்மா, காபி கலந்துண்டு வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்கோ... உங்ககூட நாங்களும் வரலாமா?”