பிரிக்காத டக்

பழைய பட்டுத்துணிகளை வாங்கிப் புது உடுப்புகளாக வெட்டித் தைக்கும் நவமணிக்கு, அந்த அரக்குப் பாவாடையைப் பார்த்ததும் கை பரபரத்தது. எதிரே நின்ற பெண் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "இந்த நிறத்தைத்தாங்க ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றபடியே மனதுக்குள் ஒரு மேல்சட்டையை வெட்டிவிட்டாள் நவமணி. துணி போதுமா என்று உள்பக்கம் திருப்பினாள். குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து நீளமாக்குவதற்கென்று தையல்காரர் மூன்று டக் பிடித்திருந்தார். ஒன்றைப் பிரித்த தடம் இருந்தது. மற்ற இரண்டும் தைத்தபடியே இருந்தன.

"இன்னும் ரெண்டு வருசம் போட்டிருக்கலாமே, பாப்பாவுக்கு ஏன் பிரிச்சுவிடலை?" என்று கேட்ட பிறகுதான் நவமணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண் பிரிக்காத மடிப்பை விரலால் தடவினாள். "இப்பப் பிரிங்க, பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

நவமணி பிளேடால் நூலை அறுத்தாள். மடிப்புக்குள் வெயில் படாமல் கிடந்த பட்டு, கடையில் எடுத்த அன்றைய நிறத்தோடு வெளியே வந்தது.

"தரையைத் தொடுற மாதிரி தூக்கிப் பிடிங்க."

நவமணி இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தூக்கினாள். அந்தப் பெண் கிட்டே வந்தாள். பாவாடைக்கு மேலே, வெறும் காற்றில், உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இவ்வளவு வந்திருப்பா" என்றாள்.

நவமணிக்குக் கை கடுத்தது. இறக்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் காற்றில் மெல்ல வகிடு எடுக்கத் தொடங்கியிருந்தன.