மாமியார் கட்டம்

'விதவை' என்பதைத் தொட்டதும் திரையில் மாமியார் காணாமல் போனார்.

அவள் 'திருமணமானவர்' என்பதைத் தொட்டாள். மாமியார் கட்டம் வந்துவிட்டது. கூடவே மாமனார் கட்டமும் வந்தது. மாமனார் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

மறுபடி 'விதவை'. இரண்டும் போய்விட்டன.

காலையிலிருந்து இதே கூத்துதான்.

கோவையில் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி அது. கொள்முதல் பிரிவில் அவளுக்கு ஒன்பது வருட சர்வீஸ். ஊழியர் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டுப் படிவம் இந்த வருடம் ஆன்லைனுக்கு வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

மாமியாரை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அத்தைக்கு வருகிற மாதம் முழங்கால் ஆபரேஷன்.

மாடிப்படியில் அத்தை இப்போதெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார். யாராவது பார்த்துவிட்டால் முந்தானையால் படியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்வார்.

போன வருடம் வரை காகிதப் படிவம். 'கணவர்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுப்பாள். கனகாம்புஜம், மாமியார், வயது அறுபத்தாறு. கிளார்க் சிதம்பரநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிப்பார். முத்திரை குத்துவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

புதுப் படிவத்துக்கு ஓரம் கிடையாது.

உங்களுக்குப் பொருந்தாத கேள்விகள் உங்கள் கண்ணிலேயே படாது என்று எச்.ஆரிலிருந்து பெருமையாக மெயில் அனுப்பியிருந்தார்கள். உண்மைதான். படவில்லை.

பொய்யாகவாவது 'திருமணமானவர்' என்றே போட்டுத் தொலைக்கலாம் என்று பார்த்தாள். கணவர் பெயரைக் கேட்டது. கொடுத்தாள். ஆதார் எண்ணைக் கேட்டது. அதுவும் மனப்பாடம்தான். அவருடைய செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

எல்லாவற்றையும் அழித்தாள். அழுகை இல்லை, வெறும் கோபம்.

மதியம் சாப்பிடாமல் எச்.ஆருக்குப் போனாள். படிவத்தை உருவாக்கியவர் தரணிதரன். எந்தப் பதிலுக்கு எந்தக் கட்டம் திறக்க வேண்டும் என்று விதி எழுதியவர் அவர்தான். மரியாதை தெரிந்த மனிதர், எழுந்து நின்று பேசினார். கம்ப்யூட்டரைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினார். 'கணவர்' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து கீழே ஒரு கோடு. கோட்டின் முனையில் மாமியார்.

"வீட்டுக்காரரே இல்லீன்னா அப்புறம் மாமியார் எப்படிங்க மேடம்?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

விதியை மாற்ற ஒரு வாரமாவது ஆகும் என்றார். காப்பீட்டுக் கம்பெனியும் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வேறென்ன செய்வது, மூன்று வருடமாக அத்தையும் நானும் ஒரே குழம்பைப் பகிர்ந்து சாப்பிடுகிறோம் என்று அந்தக் கோட்டுக்கா விளக்க முடியும்?

மணி நாலு இருபது.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். 'விதவை.' கட்டங்கள் போயின. போகட்டும்.

'தாய் உயிருடன் உள்ளாரா?'

காலையிலிருந்து இருபது தடவையாவது இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தொட்டிருப்பாள். அவளுடைய அம்மா அவள் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். 'இல்லை' என்றால் அந்தப் பகுதி அப்படியே மூடிக்கொள்ளும்.

விரல் அந்தரத்தில் நின்றது.

'ஆம்.'

இதுவரை பார்க்காத ஒரு கேள்வி கீழே திறந்தது. பெற்ற தாயா, தத்தெடுத்த தாயா?

அதை இரண்டு முறை படித்தாள். பிறகு இரண்டாவதைத் தொட்டாள். பெயர்க் கட்டத்தில் கனகாம்புஜம் என்று அடித்தாள். வயது அறுபத்தேழு.

'தத்தெடுத்த நாள்' என்று இன்னொரு கட்டம் வந்தது. நாள் கட்டாயம், சான்று இருந்தால் பிறகு இணைக்கலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

நாள்காட்டி விரிந்தது.

கணவர் போய், கருமாதி முடிந்த மறுநாள், ஒரு வியாழக்கிழமை. அண்ணன் தாராபுரத்திலிருந்து கார் எடுத்து வந்திருந்தான். அவளுடைய பை டிக்கியில் ஏறிவிட்டது. வாசலில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அதுதான் முறை என்பதுபோல் அவளுக்கு வழி விட்டார்கள். அவளும் செருப்பைப் போட்டுவிட்டாள்.

அத்தை வீட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்தார். அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. நேரே காருக்குப் பின்னால் போனார். டிக்கியைத் திறந்து பையை எடுத்தார்.

"இது உன்ற ஊடு சாமி. நீ எங்க போறே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போய்விட்டார்.

அண்ணன் காப்பி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

நாலு ஐம்பத்தொன்று.

அவள் நாள்காட்டியை மூன்று வருடம் பின்னால் தள்ளினாள். செப்டம்பரில் நிறுத்தினாள்.

அந்த வியாழக்கிழமையைத் தொட்டாள்.