ஒற்றனின் சுருட்டைமுடி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காகிதத்தில் இருந்த ஒருத்தனோடு ஒரு மனிதர் மல்லுக்கு நின்ற கதையைச் சொல்கிறேன்.

திலகவதி முப்பது வருஷத்துக்கு முன்பு எழுதிய ஒன்பது துப்பறியும் நாவல்கள் மின்னூல்களாக வரவிருந்தன. எல்லாம் பாண்டியர் காலத்துக் கொலைகள். துப்புத் துலக்குகிறவன் மாறவேள் என்கிற ஒற்றன். பழைய புத்தகங்களைப் பார்த்துக் கணினியில் அடித்துக் கொடுக்கும் வேலையை அவள் கணவர் ஏகாம்பரம் ஏற்றுக்கொண்டார். அதுவரை அவர் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

முதல் புத்தகத்திலேயே அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. ஒற்றனுக்குத் தோளில் புரளும் சுருட்டைமுடி. நெல்லிக்காயைக் கடித்தால் இடது கண் மட்டும் சுருங்கும். இதெல்லாம் சும்மா கற்பனையில் வருகிற சங்கதியா? எவனையோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒன்பது புத்தகத்திலும் ஒற்றனுக்குத் தன்னுடையதைப் போலவே ஒரு வழுக்கையைப் போட்டுவிட்டார்.

பிழை பார்க்க உட்கார்ந்த திலகவதி மூக்குக்கண்ணாடியை இறக்கினாள். “என்னங்க, மாறவேளுக்கு எப்ப முடி கொட்டுச்சு?”

“முப்பது வருஷமாச்சே. எனக்கு மட்டும்தான் கொட்டணுமா?”

அன்று முழுக்க அவள் சிரித்தாள். எட்டுப் புத்தகங்களில் வழுக்கையை அப்படியே விட்டாள். ஒன்பதாவதில் மட்டும் சுருட்டைமுடியைத் திரும்ப வைத்தாள்.

“அதுல மட்டும் ஏன்?” என்றார் ஏகாம்பரம்.

“அதுல அவன் மாறுவேஷத்துல இருக்கான்.”

அவர் ஒன்பதாவது புத்தகத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைக்காவிட்டாலும், சிரிப்புக்கு ஒருநாளும் குறைவில்லாமல் இருக்கட்டும்.