டயர் செருப்பு

கம்ப்யூட்டர் ரூம் வாசலில், சுந்தரியின் செருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆம்பளைச் செருப்பு கிடந்தது. டயரில் தைத்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

பில் கவுண்டரிலிருந்து எலிசா எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா விருத்தாம்பா? நேத்தும் இதே செருப்புதான்."

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் நிமிரவில்லை. "செருப்பையே பாத்துக்கிட்டு இருந்தா பில்லு எப்ப எழுதுவ, எலிசாம்மா?"

வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கில்பர்ட் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. கார் மாற்ற வைத்திருந்த பணத்தை அதில் போட்டிருந்தார். தூசி ஆகாது, சூடு ஆகாது என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். அதனால் அதற்குத் தனி அறை, ஏ.சி. செருப்பை வெளியே விட வேண்டும். ஆபரேட்டர் சுந்தரியைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைந்தால் அவள் வேலை போய்விடும்.

அதுவரை பில் எழுதியவள் எலிசா. அவள் கையெழுத்தை டாக்டரே மெச்சுவார். இப்போது நோயாளிகள்கூட, "மிஷின்ல அடிச்ச பில்லு குடும்மா" என்று கேட்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் சுந்தரி ஸ்வெட்டரோடு வேலைக்கு வந்தாள். அதுதான் எலிசாவுக்கு ஆறவேயில்லை.

"இந்த வாரம் பூரா மத்தியானம் ஆனா போதும், மிஷின் சூடாயிடுச்சு, நிறுத்தி வெக்கணும்னு பில்லையெல்லாம் என் தலையில கட்டுறா. ஏ.சி.ல இருக்கிற மிஷின் சூடாவுதாம். வெளிய வேவுற நாம சூடாவலியாம்."

"சின்னப் பொண்ணு. எதுனா வேலை இருக்கும்."

"ஆம்பளையோட கதவச் சாத்திக்கிட்டு இன்னா வேலை? நீ போய் டாக்டர வரச் சொல்லு."

"எனக்கு முட்டி வலி. மாடி ஏற முடியாது."

எலிசா மாடி வீட்டுக்கான இன்டர்காமை எடுத்தாள். "டாக்டர், கம்ப்யூட்டர் ரூம்ல யாரோ ஒரு ஆம்பளை இருக்கான். கதவு சாத்தியிருக்கு."

"வரேன்" என்றார் டாக்டர்.

விருத்தாம்பாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "கெடுத்தியேம்மா."

எலிசா போய்க் கதவைத் தட்டினாள். "யாருடி உள்ள? தொற."

கதவு ஒரு சாண் திறந்தது. வேர்த்திருந்த கழுத்தில் சில்லென்று காற்று பட்டது.

கம்ப்யூட்டர் உறை போட்டு மூடிக் கிடந்தது. அதன் கீழே பாயில் காசம்மாள் படுத்திருந்தாள். தலைக்குச் சுந்தரியின் ஸ்வெட்டர். கரிக்கலாம்பாக்கத்துக்காரி. நெல் அவிக்கிற அண்டா சாய்ந்து இரண்டு காலும் வெந்துபோய் வந்தவள். தகரக் கூரை போட்ட பொது வார்டில் அவள் அலறுவது கவுண்டர் வரைக்கும் கேட்கும். மத்தியானத்தில் மட்டும் அது கேட்காமல் போனதை எலிசா கவனிக்கவேயில்லை.

சுவரோரமாகக் காசம்மாளின் புருஷன் சாமிக்கண்ணு எதிலும் கை பட்டுவிடாமல் கக்கத்தில் கைகளை இடுக்கிக்கொண்டு குந்தியிருந்தான்.

"அக்கா, இப்பதான் கண்ண மூடுனாங்க. எழுப்பிடாதீங்க" என்றாள் சுந்தரி. "வெயில் தாழட்டும். நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டு வேலைய விட்டுப் போயிடறேன்."

மாடிப்படியில் டாக்டர் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

எலிசா கதவை இழுத்துச் சாத்தினாள். குனிந்தாள்.

டாக்டர் வந்தபோது வாசலில் சுந்தரியின் செருப்பு மட்டும்தான் இருந்தது. எலிசா கவுண்டரில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஆம்பளைன்னியே?"

"இல்ல டாக்டர். மிஷின் சூடாயிடுச்சின்னு சுந்தரி நிறுத்தி வெச்சிருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் அவள் மேசைக்கு அடியில் பார்த்தார். சேறு காய்ந்த டயர் செருப்பு.

"இது யாருது?"

"என்னுதுதான், டாக்டர்."

"உன் காலுக்குப் பெருசா இருக்குமே."

எலிசா செருப்பைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

"காசம்மாவுக்கு தினம் சாயந்திரம் நான்தான் கட்டு மாத்துறேன். பகல் பூரா தகரத்துக்குக் கீழ கிடக்கிற உடம்பு சில்லுன்னு இருந்தா எனக்குத் தெரியாதாம்மா?"

படியில் பாதி ஏறியவர் நின்று திரும்பினார்.

"வெயில் தணியற வரைக்கும் அந்தச் செருப்பு உன் மேசைக்கு அடியிலயே இருக்கட்டும். நாளைக்கும் அங்கியே எடுத்து வெச்சுடு."